மாமியின் கையும் காட்டு மண் சாக்கும்

முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்கிறேன். நான் எழுதுகிற ஆள் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கூட்டத்தில் எழும்பி ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றால் செருப்பைத் தேடுகிறவன். கல்முனை பஸாரில் ஓர் இரும்புக் கடையில் வேலை. ஆணி, பிணைச்சல், ஆமைப்பூட்டு என்று கடைத் துண்டுகளில் எழுதியதைத் தவிர என் பேனா வேறொன்றையும் எழுதியதில்லை. எழுதத் தெரிந்தவர்கள் இத்தனை பேர் இருக்கிற ஊரில் நான் எழுத உட்கார்ந்தது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

ஒரு படம்தான் எழுத வைத்தது. போன மாதம் ஒருவருக்கு ஆணி சுற்றிக் கொடுக்கப் பழைய பத்திரிகைத் தாள் ஒன்றை எடுத்தேன். தாளின் மூலையில் சின்னதாக ஒரு படம். ஈர மண்ணில் கறுப்பாக, மினுமினுவென்று ஒன்று கிடந்தது. பாம்பு போல இருக்கும், ஆனால் பாம்பு இல்லை, காலில்லாத அரணை என்று கீழே போட்டிருந்தது. நம் நாட்டுக் காடுகளில், உக்கிய இலைக்கும் மரத்துக்கும் அடியில் வாழ்வதாம். அதிகம் பேர் கண்டதில்லையாம். நான் தாளை விரித்தபடி நின்றுவிட்டேன்.

"என்ன காக்கா, ஆணிய சுத்துறீங்களா, பேப்பர் படிக்கிறீங்களா?" என்றார் வந்தவர்.

அவருக்கு வேறு தாளில் சுற்றிக் கொடுத்தேன். இந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். வீட்டில் காட்டினேன். மனைவி விளக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். "இதுதான்" என்றாள்.  

நாங்கள் அதைக் கண்டது எண்பதுகளின் தொடக்கத்தில். எனக்குக் கலியாணம் முடிந்து நாலைந்து மாதம் இருக்கும். நான் பாலமுனையில் பிறந்தவன். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண்தான் பெண்ணின் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். அப்படி நான் கல்முனைக்கு வந்தேன். மாமனார் எப்போதோ மவுத்தாகி அடக்கமாகிவிட்டார். வளவுக்குள் முன்வீடு எங்களுக்கு, பின்பக்கத்துச் சின்ன வீடு மாமிக்கு. என் மனைவி அவருக்கு ஒரே பிள்ளை.

மாமியும் மருமகனும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை என்பது அந்தக் குடும்பத்தில் கடும் வழக்கம். வேறு வீடுகளில் அப்போதே இது தளர்ந்துவிட்டது. மாமி விடவில்லை. நான் முற்றத்துக்கு வந்தால் முக்காட்டை இழுத்துக்கொண்டு குசினிக் கதவுக்குப் பின்னால் போய்விடுவார். எனக்குச் சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வார். மகள் இல்லாவிட்டால் பூனையிடம் சொல்வார். அவரிடம் ஒரு வெள்ளைப் பூனை இருந்தது. "சோறு ஆறுது, ஆருக்கும் பசி இல்லயாக்கும்" என்று பூனையிடம் சொல்வது கேட்டால் நான் கை கழுவிவிட்டுப் போய் உட்காருவேன். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. கூச்சக்காரனுக்கு இதைவிட நல்ல மாமி கிடைக்காது. நாலைந்து மாதத்தில் அவர் என்னிடம் நேரே ஒரு சொல் சொன்னதில்லை, நானும் அவரிடம் சொன்னதில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து, சாப்பிட்டு, கடைக்குப் போகாமல் வீட்டில் இருந்தேன். பாண்டிருப்புக் கோயிலில் அன்று தீமிதிப்பு. காலையிலிருந்தே பறைமேளச் சத்தம் காற்றோடு வந்துகொண்டிருந்தது. மாரி தொடங்க முதல் கிணற்றடியில் வெற்றிலைக் கொடி நட வேண்டும் என்று மாமிக்கு ஆசை. எங்கள் வளவு முழுக்கக் கடற்கரை மணல். அதில் வெற்றிலை பிடிக்காது. அதனால் தன் காக்காவிடம், அதாவது அண்ணனிடம், காட்டு மண் கேட்டிருந்தார். அந்தக் காக்காவை நான் மூத்த மாமா என்று கூப்பிடுவேன். மரம் அறுத்து விற்கிற மரக்காலை ஒன்றுக்கு லொறியில் மரம் ஏற்றுகிறவர். காடு முழுக்கத் தன் வளவு என்கிற மாதிரிக் கதைப்பார். உக்கிய இலையும் மரத்தூளும் கலந்த கறுப்பு மண்ணை இரண்டு சாக்கில் கட்டிக் கொண்டுவந்து கிணற்றடியில் இறக்கியிருந்தார். மாமி அன்று காலையிலிருந்து சந்தோஷமாக இருந்தார். வாயில் வெற்றிலையும் புகையிலையும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தன.

நான் முன்வீட்டு வாசலில் நின்றேன். மூத்த மாமா கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். மாமி சாக்கின் வாயை அவிழ்த்து, முழங்கை வரை கையை விட்டு, மண்ணை அள்ளினார்.

"யா அல்லாஹ்!"

கையை உதறி இழுத்தார். மண்ணோடு சேர்ந்து ஒன்று வெளியே வந்து மணலில் விழுந்தது. கறுப்பு. பென்சில் தடிப்பு. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். கால் இல்லை. எது தலை எது வால் என்று தெரியவில்லை. மணல் சுட்டதோ என்னவோ, ஒரு சுழி சுழித்துத் திரும்பச் சாக்குப் பக்கம் போனது.

மூத்த மாமா பாய்ந்து முற்றம் கூட்டுகிற வாருகோலை எடுத்து அடித்தார். அது இரண்டாகியது. ஒரு துண்டு மணலில் கிடந்து துள்ளியது. உயிர் இருக்கிற மாதிரி இல்லை, உயிர் இரண்டு மடங்கான மாதிரித் துள்ளியது. மற்றத் துண்டு சாக்கு மடிப்புக்குள் நுழைந்து காணாமல் போனது.

"இருதலைப் பாம்பு!" என்று மாமா கத்தினார். "ரெண்டு தலயும் ரெண்டாப் போச்சு!"

மாமியின் சுண்டுவிரலுக்குக் கீழே, உள்ளங்கை ஓரத்தில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளி இரத்தம். பாம்புக் கடி எப்படி இருக்கும் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக் கேட்டிருக்கிறோமோ அப்படியே இருந்தது. மனைவி "உம்மா" என்று அலறிக்கொண்டு ஓடினாள். நான் வாசற்படியை விட்டு இறங்கினேன். ஆனால் கிட்டப் போகவில்லை. மாமியின் முக்காடு விழுந்து தலைமுடி தெரிந்தது. அந்த நேரத்திலும் எனக்குக் கண்ணைத் திருப்பத் தோன்றியது.

மூத்த மாமா வாளிக் கயிற்றிலிருந்து ஒரு முழம் தும்புக் கயிறு அறுத்தார். முழங்கைக்குக் கீழே சுற்றி, இடையில் ஒரு தடியைச் செருகித் திருகினார். மாமி பல்லைக் கடித்தார்.

"நோகுதா?"

"உசிர் போகுது காக்கா."

"நோகட்டும். நொந்தாத்தான் விசம் நிக்கும்."

பக்கத்து வளவில் ஒரு மீன்காரர் இருந்தார். சைக்கிளில் மீன் விற்கிறவர். என் வயதுதான், என்னை மச்சான் என்பார். சத்தம் கேட்டு வேலியால் வந்தார். மாமா அவரைப் பாண்டிருப்புக்கு அனுப்பினார். எங்கள் பக்கத்தில் பாம்பு கடித்தால் முதலில் ஓடுவது பாண்டிருப்பு விசகடிப் பரிசாரியாரிடம்தான். கோயில்காரர், வயதாளி. சாதி சமயம் பார்க்க மாட்டார், காசும் கேட்க மாட்டார்.

"ஆசுபத்திரி கிட்டத்தானே இரிக்கி, மாமா" என்றாள் என் மனைவி அழுதுகொண்டு.

"போனா மொதல் வேலையா கட்ட அவிழ்ப்பான். பொறகு என்ன பாம்பு எண்டு கேப்பான். நீ செல்லுவியா, என்ன பாம்பு எண்டு?"

 எங்களில் யாருக்கும் அது என்ன என்று தெரியாது.

மீன்காரர் வியர்த்து ஊற்ற ஊற்றத் திரும்பி வந்தார். தனியாக வந்தார்.

"பரிசாரியார் மஞ்சச் சீலையோட வரிசையில நிக்கிறார். கையில காப்புக் கட்டி இரிக்கி. தீ மிதிச்சு முடியாம கோயில் வீதியத் தாண்ட ஏலாதாம். முடிஞ்ச உடன வாறாராம்."

"என்ன செய்யச் சென்ன?"

"நித்திர கொள்ள உட வேணாமாம். சோறு தண்ணி குடுக்க வேணாமாம். பாம்ப எடுத்து வைக்கட்டாம். கட்டுன கட்ட ஆரும் தொடக் கூடாதாம், அவர் வந்து பாத்துத்தான் அவிழ்ப்பாராம்."

மாமா எங்களைச் சுற்றிப் பார்த்தார். "கேட்டீங்களா? ஆரும் தொடக் கூடாது."

மாமியை மாமரத்துக்குக் கீழே பாயில் இருத்தினார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, பிறகு ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். ஒருவர் யாஸீன் ஓதத் தொடங்கினார். ஓதுகிற சத்தமும் பறைமேளச் சத்தமும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு காதில் விழுந்தன. மாமியின் கை மடியில் கிடந்தது. முதலில் சிவந்தது. பிறகு மணிக்கட்டுப் பக்கம் ஊதா நிறமானது. விரல்கள் கத்தரிக்காய் மாதிரி வீங்கி மினுங்கின.

"விசம் ஏறுது பாரு" என்று ஒருத்தி மற்றவளிடம் மெல்லச் சொன்னாள். எல்லாருக்கும் கேட்டது.

"வேப்பிலையக் குடுத்துப் பாருங்க" என்றாள் இன்னொருத்தி.

இந்தச் சோதனை எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். விசம் ஏறியிருந்தால் வேப்பிலை கசக்காது என்பார்கள். மாமா ஒரு கொத்து முறித்து வந்தார். மாமி நாலு இலையை வாயில் போட்டுச் சப்பினார். எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் சப்பினார்.

"கசக்கல்ல" என்றார்.

மனைவி நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஓதிக்கொண்டிருந்த பெண்ணின் குரல் உடைந்து, பிறகு சத்தமாகத் தொடர்ந்தது. மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அதுவரை அவர் பயத்தைக் கோபத்தால் மூடிக்கொண்டிருந்தார். மண் கொண்டுவந்தது அவர். தங்கச்சிக்காக அவர் கொண்டுவந்த சாக்கு.

"அந்த மத்தத் தலயப் புடிக்கணும்" என்றார். "அது உசிரோட இரிக்கிற வரைக்கும் விசம் எறங்காது."

இதை எங்கே கேட்டார் என்று எனக்குத் தெரியாது. அவரே அந்த நேரத்தில் யோசித்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் சாக்குப் பக்கம் போகவில்லை. மீன்காரர் தன் சைக்கிளைப் பார்த்தார். எல்லாக் கண்ணும் மெல்ல மெல்ல என் பக்கம் திரும்பின. வீட்டில் இருக்கிற ஆம்பிளை நான்தானே.

"மாப்புள, கடக்கரையில பொறந்தவர்தானே நீங்க" என்றார் மாமா. "எறால் புடிக்கிற மாதிரிப் புடிங்க பாப்பம்."

நான் சாக்கின் அடியைப் பிடித்து மெதுவாக மணலில் கவிழ்த்தேன். நீளமான ஒரு தடியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறினேன். உக்கிய இலை, மரப்பட்டை, வண்டுக் கூடு, செத்த அட்டை. பிறகு ஒரு சிறிய குச்சி. காரை மரத்துக் கிளை. காரைப்பழம் பறிக்கப் போய்க் குத்து வாங்காதவர் எங்கள் பக்கத்தில் இல்லை. அதன் முள் சோடி சோடியாகத்தான் இருக்கும். அந்தக் குச்சியிலும் ஒரு சோடி முள் நீட்டிக்கொண்டு நின்றது. ஒன்றின் நுனி உடைந்து ஈரமாக இருந்தது. அதைப் பக்கத்தில் தள்ளி வைத்துவிட்டுத் தொடர்ந்து கிளறினேன். அது எனக்கு உடனே விளங்கவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். என் கவனமெல்லாம் மற்றத் துண்டில் இருந்தது.

அது ஒரு மரப்பட்டைக்குக் கீழே கிடந்தது. வால் போன இடத்தில் இரத்தம் கொஞ்சமும் வழியவில்லை. வெட்டினது போலல்ல, கழற்றினது போல இருந்தது. ஒரு பழைய ஜாம் போத்தலைச் சரித்துப் பிடித்து, தடியால் தள்ளி, உள்ளே விழுத்தினேன். மூடியை மூடிக் கண்ணுக்கு நேரே உயர்த்தினேன்.

அதற்கு முகம் இருந்தது. கூரான சின்ன மூக்கு. பக்கத்தில் ஊசியால் குத்தின மாதிரி ஒரு துளை. அதற்கு முன்னால் கடுகைவிடச் சின்னதாக ஒரு கண். அந்தக் கண்ணில் ஒரு மண் துகள் ஒட்டியிருந்தது.

அது கண்ணை இமைத்தது.

நான் போத்தலை இறக்கவில்லை.  அது இன்னொரு முறை இமைத்தது. கீழிருந்து ஒரு தோல் மேலே ஏறி, கண்ணை மூடி, இறங்கியது. மண் துகள் இல்லை.

பாலமுனையில் கரைவலை இழுக்கிற நாளில் மீனோடு கடற்பாம்பும் வரும். கரையில் கொட்டினவுடன் அதைத் தடியால் ஒதுக்கிவிடுவார்கள். நாங்கள் போய்க் குந்தியிருந்து பார்ப்போம். கண்ணில் மணல் அப்பியிருக்கும். அது இமைக்காது. செத்த பிறகும் அப்படியே பார்க்கும், உயிரோடு இருக்கும்போதும் அப்படியே பார்க்கும். பாம்புக்கு இமை இல்லை. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எத்தனையோ பாம்பை மணலில் கண்டதுதான்.

மணலில் கிடந்த வால் துண்டு துள்ளலை நிறுத்தியிருந்தது. பல்லியின் வாலும் இப்படித்தானே என்று அப்போதுதான் நினைவு வந்தது. காரைக் குச்சியைத் திரும்ப எடுத்தேன். இரண்டு முள்ளுக்கும் இடையிலான அகலத்தை என் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். மாமியின் கையில் இருந்த இரண்டு புள்ளிக்கும் அதே இடைவெளிதான்.

மாமி பக்கம் பார்த்தேன். கை கறுத்துப் போயிருந்தது. கயிற்றுக்கு மேலே தோல் மாமியின் நிறத்தில் இருந்தது. கயிற்றுக்குக் கீழே வேறொருவருடைய கை மாதிரி இருந்தது. விசம் என்றால் கயிற்றைக் கண்டு இப்படிக் கோடு கிழித்த மாதிரி நிற்குமா? கறுப்பு பாம்பால் வந்ததா, கயிற்றால் வந்ததா?

யாரிடம் சொல்வது? மனைவியைக் கூப்பிட்டேன்.

"புள்ள, இது பாம்பு இல்ல. கண் இமைக்கிது. உம்மாட கையில குத்தினது இந்த முள். கட்ட அவிழ்க்கச் செல்லு. கை செத்துப் போகும்."

அவள் என்னைப் பார்த்தாள், போத்தலைப் பார்த்தாள், ஓடிப்போய் மாமாவிடம் சொன்னாள். மாமா எழும்பி வந்து போத்தலை வாங்கிக் குலுக்கினார். அது சுருண்டு கண்ணை இறுக்கிக்கொண்டது.

"எங்க இமைக்கிது?"

"பொறுங்க மாமா. கொஞ்சம் அசைக்காமப் புடிங்க."

"பாலமுனையில பாம்பெல்லாம் கண் அடிக்கும் போல" என்றார் மாமா. ஒன்றிரண்டு பேர் அந்த நேரத்திலும் சிரித்தார்கள். "காட்டுல முப்பது வருசம் திரியிற எனக்குத் தெரியாதா? வேப்பில கசக்கல்லயே, அதுக்கு என்ன செல்லுறீங்க மாப்புள?"

 அதுதான் என்னையும் பயமுறுத்தியது. எல்லாம் பொருந்தியது, அது மட்டும் பொருந்தவில்லை.

"அவிழ்த்து ஏதும் ஆச்சுண்டா ஆர் பதில் செல்லுற? நீங்களா? நேத்து வந்த ஆள்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கோயில் பக்கம் சத்தம் கூடியது. தீக்குழிக்கு ஆட்கள் இறங்கப் போகிறார்கள் போல. அது முடிந்து, பரிசாரியார் சைக்கிளில் ஏறி வர எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்தேன். அதற்குள் அந்தக் கை என்ன ஆகும்? இல்லை, நான் நினைப்பது பிழை என்றால் மாமி என்ன ஆவார்? ஒரு பக்கம் கை, மறு பக்கம் உயிர். நடுவில் கடுகளவு ஒரு கண்.

அப்போது மாமி கதைத்தார். மகளிடம் இல்லை. பூனையிடமும் இல்லை.

"மருமகன்."

எல்லாரும் நிறுத்தினார்கள். ஓதுகிற பெண்ணும் நிறுத்திவிட்டார். மாமி முக்காடில்லாத தலையை நிமிர்த்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"நீங்க கண்ணால கண்டீங்களா?"

"ஓம் மாமி."

"எத்தின தரம்?"

"ரெண்டு தரம் கண்டன் மாமி. மண்ணத் துடைச்சிது."

அவர் கையைப் பார்த்தார். விரலை மடக்கப் பார்த்தார். மடங்கவில்லை.

"அப்ப நீங்களே அவிழுங்க."

"தங்கச்சி, உனக்குப் பைத்தியமா?" என்று மாமா கத்தினார். "பரிசாரியார் வரட்டும்!"

"என்ட கை, காக்கா" என்றார் மாமி. "இந்தக் கை இல்லாம நான் என்னத்தச் செய்யிற? தண்ணி அள்ள, மாவிடிக்க, தொழ ஒளூ எடுக்க எல்லாத்துக்கும் இதானே. நீங்க அங்கால போங்க."

நான் மாமிக்கு முன்னால் முழங்காலில் உட்கார்ந்தேன். அவருடைய கையைத் தொட வேண்டியிருந்தது. அதுவரை அவர் நிழலைக்கூட மிதிக்காமல் நடந்தவன். கை குளிர்ந்து, ஈரக் களிமண் மாதிரி இருந்தது. தடியைப் பிடித்து அரைச் சுற்று மட்டும் தளர்த்தினேன். ஒரேயடியாக அவிழ்க்கப் பயம். மாமியின் முகத்தைப் பார்த்தேன். இன்னும் அரைச் சுற்று. கயிறு தோலுக்குள் பதிந்திருந்தது. கழற்றியபோது தோல் கொஞ்சம் அதோடு வந்தது.

மாமி வாயைத் திறந்து கத்தினார். கத்தியபடியே கலிமா சொன்னார். மாமா தலையில் கை வைத்துக்கொண்டு வேலிப் பக்கம் திரும்பி நின்றார். மனைவி தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. உம்மாவுக்கு ஏதும் நடந்தால் உன்னோடு எப்படி இருப்பேன் என்று அது கேட்டது. கேட்டது நியாயம்தான்.

"எரியிது" என்றார் மாமி. "நெருப்புக்குள்ள விட்ட மாதிரி எரியிது."

"விசம் ஏறுது!" என்றாள் யாரோ.

"ரத்தம் எறங்குது" என்றேன் நான். என் வாயிலிருந்து அவ்வளவு சத்தமாக வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

காத்திருந்தோம். மாமி மரத்தில் சாய்ந்து மூச்சு வாங்கினார். கண் சொருகுகிறதா, நாக்குத் தடிக்கிறதா, வாயில் நுரை வருகிறதா என்று எல்லாரும் பார்த்தார்கள். நான் கையை மட்டும் பார்த்தேன். கறுப்பு ஊதாவானது. ஊதா சிவப்பானது. நகங்களுக்குக் கீழே முதலில் ஒரு விரலில், பிறகு மற்றதில், நிறம் திரும்பி வந்தது.

"அந்தப் போத்தலத் தாங்க" என்றார் மாமி.

கொடுத்தேன். இடது கையால் பிடித்து, முழங்காலில் ஊன்றி, அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.  கோயிலில் மேளம் ஒரேயடியாக உயர்ந்து நின்றது.

"ஓம்" என்றார் மாமி. "இமைக்கிது. பாவம், இதுக்கும் பயம்."

பிறகு ஒரு பக்கமாகத் திரும்பி, அதுவரை கன்னத்தில் அடக்கி வைத்திருந்த வெற்றிலைச் சக்கையை மணலில் துப்பினார். புகையிலையும் சுண்ணாம்பும் சேர்ந்த, காலையிலிருந்து ஊறின சக்கை. வேப்பிலையையும் அதோடு சேர்த்துத்தான் சப்பியிருக்கிறார். பயத்தில் அதைத் துப்ப யாருக்கும் நினைவு வரவில்லை, அவருக்கும் வரவில்லை. மனைவிதான் முதலில் கண்டாள்.

"உம்மா! வெத்திலையோடயா சப்புனீங்க?"

ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். மாமி நாலைந்து தரம் வாய் கொப்பளித்தார். மாமா தானே போய் வேப்பங்கொத்து முறித்து வந்தார்.  மாமி இரண்டு இலையைக் கடித்தார்.

"சீ!" என்று துப்பினார். "கசக்கிது! என்ன கசப்புடா இது!"

சத்தமாகச் சிரித்தது மாமாதான். சிரித்துக்கொண்டே குந்தியிருந்து சாரத்து நுனியால் முகத்தைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். பெண்கள் "அல்ஹம்துலில்லாஹ்" என்று ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். மீன்காரர் என் முதுகில் தட்டி, "மச்சான், இனி நீதான் பரிசாரி. கடைய மூடிட்டு இஞ்ச இரி" என்றார்.   பொழுது பட்டு, மஃரிப் தொழுகைக்குப் பள்ளியில் வாங்கு சொல்லுகிற வரைக்கும் நான் அந்த மணலிலேயே இருந்தேன்.

ஆபத்தில்லை என்று மீன்காரர் அன்றே போய்ச் சொல்லிவிட்டதால், பரிசாரியார் மறுநாள் காலையில்தான் சைக்கிளில் வந்தார். கயிறு அறுத்த இடத்துக்கு எண்ணெய் கொடுத்தார், போத்தலைப் பார்த்து, தானும் இப்படி ஒன்றைக் கண்டதில்லை என்றார், பிளேன்ரீ குடித்துவிட்டுப் போனார். மூத்த மாமா மரம் ஏற்றக் காட்டுக்குப் போகும்போது அதைத் திரும்பக் காட்டில் விடப் போத்தலையும் லொறியில் கொண்டு போனார். மாமி இடது கையால் வெற்றிலைக் கொடியை நட்டார். நான் முற்றத்தில் இறங்கியபோது முக்காட்டை இழுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். கடை திறக்கிற நேரமாகிவிட்டது என்று பூனையிடம் சொன்னார். நான் கடைக்குப் போனேன்.